ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெப்சைட் செய்தோம்

வெப்சைட் செய்கிற தொழிலில் ஒரு பெரிய வசதி, தப்பாகப் போட்டதை ஒரு நொடியில் அழித்துவிடலாம். அதற்குள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதுதான் தொல்லை. காலேஜில் குழுவாகச் சேர்ந்து புராஜெக்ட் செய்து, அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறவர்கள் யாராவது இருந்தால், இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்ஜினியரிங் கடைசி வருடம், கடைசி செமஸ்டர். சமுதாயத்துக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும் என்று விதி. எங்கள் குழுவில் மூன்று பேர். ராயப்பேட்டை பைசல் கோடிங் எழுதுவான். தி.நகர் கீர்த்தனாவுக்கு டிசைன், அவளிடம் நல்ல கேமராவும் இருந்தது. மயிலாப்பூரிலிருந்து நான், வித்யா. எனக்கு இரண்டும் வராது, பேச்சு மட்டும் வரும். அதனால் என்னைத் தலைவியாக்கினார்கள். எங்களுக்குக் கிடைத்தது சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்று. ஐந்து வகுப்பு, மூன்று டீச்சர்.

பத்து ஸ்லைடு

தலைமை ஆசிரியை சுகுணா மேடத்துக்குத் தனி அறை கிடையாது. நாலாவதும் ஐந்தாவதும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு பீரோவைக் குறுக்கே நிறுத்தி, அதன் இந்தப் பக்கம் மேஜை போட்டிருந்தார். நாங்கள் போனதும் பிள்ளைகளை வாயில் விரல் வைக்கச் சொன்னார். பாதி தமிழ், பாதி இங்கிலீஷில் நான் பத்து ஸ்லைடையும் விளக்கி முடிக்கும்வரை பிள்ளைகள் விரலை எடுக்கவில்லை. "டார்கெட் ஆடியன்ஸ்" என்று நான் நாலு தடவை சொன்னேன். லேப்டாப்பில் ஜன்னல் வெளிச்சம் அடித்ததால், அவர் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். லேப்டாப்பைத் திருப்பி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதைப் பார்த்துவிட்டு ஒரு பத்து பிள்ளைகள் புதிதாகச் சேருவார்களா? இரண்டு வருடமாகச் சேர்க்கை குறைந்துகொண்டே வருகிறதாம். இந்த வருடமும் குறைந்தால் ஒரு டீச்சர் அதிகம் என்று கணக்காகி, கடைசியாக வேலைக்குச் சேர்ந்த கமலா டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்களாம். "கண்டிப்பா சேருவாங்க மேடம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்துபோய், பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கமலா, கவலைப்படாத. இந்தப் பொண்ணு கண்டிப்பாங்குது."

முன்வரிசை

முகப்புப் பக்கத்துக்குப் படம் எடுக்க ஒரு வெள்ளிக்கிழமை போனோம். கமலா டீச்சர் நாலாம் வகுப்பிலிருந்து பத்து பிள்ளைகளை வேப்ப மரத்தடியில் நிற்க வைத்துவிட்டு, கூச்சப்பட்டுக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். கீர்த்தனா கேமராவில் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "முன்னாடி நிக்கிற பொண்ணோட யூனிபார்ம் ஒரு மாதிரி இருக்குடி" என்றாள். பார்த்தேன். ஒரு கை மட்டும் வேறு துணியில் தைத்திருந்தது. மற்ற துணி வெளுத்திருக்க, அந்தக் கை மட்டும் பளிச்சென்று நீலமாக இருந்தது. அந்தப் பெண் பெயர் ரிஸ்வானா. இரட்டைப் பின்னல், நிறைய எண்ணெய். கேமராவைப் பார்த்து ஏற்கெனவே சிரித்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயத்தில் எனக்கு ரொம்ப சாமர்த்தியமாக ஒன்று தோன்றியது. யார் மனதும் நோகாமல் செய்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் தோளைப் பிடித்து, "நீ உயரமா இருக்கேல்ல கண்ணு, பின்னாடி போய் நில்லு" என்றேன். அவள் போனாள். பின்வரிசைக்குப் போனதும் அவள் தெரியவே இல்லை. முன்னால் நின்ற பையன்களின் தோளுக்கு நடுவே முகத்தைக் கொண்டுவரப் பார்த்தாள், முடியவில்லை. கீர்த்தனா நாலைந்து படம் எடுத்துவிட்டாள். எல்லாரும் கலைந்த பிறகு ரிஸ்வானா என்னிடம் வந்தாள். கோபமெல்லாம் இல்லை. நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நினைத்துத் திருத்துகிற மாதிரிதான் சொன்னாள்.

"அக்கா, நான் உயரமில்லக்கா. கிளாஸ்லயே நான்தான் குள்ளம்."

தலைமை ஆசிரியையின் செய்தி

எல்லாப் பள்ளி வெப்சைட்டிலும் தலைமை ஆசிரியர் செய்தி என்று ஒரு பக்கம் இருக்கும். சுகுணா மேடத்திடம் கேட்டு வாங்க நேரமில்லை என்று நானே எழுதினேன். எழுதினேன் என்பதுகூடப் பொய். ஏதோ ஒரு பள்ளியின் இங்கிலீஷ் பக்கத்தை எடுத்து, மெஷினிடம் கொடுத்துத் தமிழாக்கி, அவர் பெயரைக் கீழே போட்டேன். அதைப் போனில் திறந்து அவர் கையில் கொடுத்தபோது, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கமலா டீச்சருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். "ஒவ்வொரு குழந்தையின் உள்ளார்ந்த ஆற்றலையும் திறத்தல் எங்கள் பேரார்வம் ஆகும்." படித்துவிட்டு, தன் படத்தையும் தன் பெயரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"பேரு என்னோடதுதான். இத நான் எப்பம்மா சொன்னேன்?"

விசாலமான விளையாட்டுத் திடல்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

பைசல் ஒரு ரெடிமேட் டெம்ப்ளேட்டை எடுத்து அதில்தான் வெப்சைட்டைக் கட்டினான். அதில் "எங்கள் வசதிகள்" என்று ஆறு கட்டம் இருந்தது. பள்ளியில் சொல்லிக்கொள்ள மூன்றுதான் தேறியது: சத்துணவு, குடிநீர், இலவசப் புத்தகம். மூன்று கட்டம் காலியாக இருந்தால் அசிங்கமாக இருந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, டெம்ப்ளேட்டோடு வந்த படங்களை அப்படியே வைத்து, "நவீன ஆய்வகம்", "நூலகம்", "விசாலமான விளையாட்டுத் திடல்" என்று நிரப்பினேன். திடல் படத்தில் பச்சைப் புல்லும் வெள்ளைக் கோடும் இருந்தன. பள்ளியில் இருந்தது அந்த வேப்ப மரமும், ஒரு கைப்பம்பும், வாசலில் நிழலுக்காக நிறுத்திவிட்டுப் போகிற இரண்டு ஆட்டோவும்தான். மாற்ற மறந்துபோனோம். வெப்சைட் வெளியே போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் பள்ளியில் இருந்தபோது ஒருத்தர் தன் மகளோடு வந்தார். கொட்டிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு லோடு வேன் ஓட்டுகிறவர். கடைக்குப் பக்கமாக சைதாப்பேட்டைக்கே குடிவரப் போகிறாராம். மகள் நன்றாக ஓடுவாளாம், அதனால் மைதானம் இருக்கிற பள்ளியாகத் தேடிக்கொண்டிருந்தாராம். அந்தப் பெண் வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தாள். எங்கள் வெப்சைட்டைப் பார்த்து வந்த முதல் ஆள் இவர்தான் என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"கிரவுண்டு எங்கம்மா கீது?" என்றார். சுகுணா மேடம் அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அவர் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதோ "டெம்ப்ளேட்", "சாம்பிள் இமேஜ்" என்று ஆரம்பித்தேன். அந்த மனிதர் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அந்தப் பெண் வேப்ப மரத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓடிவிட்டு வந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். சுகுணா மேடம், பக்கத்துத் தெருவில் கார்ப்பரேஷன் மைதானம் இருக்கிறது, பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னிடம் சொன்னார்.

"கிரவுண்டு இல்லாங்காட்டி பரவால்லம்மா. இல்லாதத கீதுன்னு எழுதிகினு கீறீங்களே, புள்ளய இங்க கொண்டாந்து வுட அதான் பயமா கீது."

தந்தை பெயர்

அன்றைக்கே மூன்று கட்டங்களையும் எடுத்துவிட்டோம். இனிமேல் தப்பு வராது என்று நினைத்தோம். பைசல் ஆன்லைன் சேர்க்கைப் படிவம் ஒன்று செய்திருந்தான். அதில் நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை நிரப்பாவிட்டால் மேலே போகவே விடாது. தந்தை பெயர், தந்தை தொழில், தந்தை போன் நம்பர் மூன்றுக்கும் நட்சத்திரம். எங்கள் மூன்று பேர் வீட்டிலும் தந்தை இருந்தார். அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் காலேஜ் கேன்டீனில் உட்கார்ந்து வந்த படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மொத்தமே நாலுதான் வந்திருந்தது. ஒன்றில், தந்தை பெயர்: "இல்லை". தந்தை தொழில்: "ஓடிப்போனவர்". தந்தை போன் நம்பர்: பத்து பூஜ்யம். பைசல் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். நானும் சிரித்தேன். நல்லவள் மாதிரி இப்போது எழுதுவதில் அர்த்தமில்லை, நன்றாகவே சிரித்தேன். அதைப் படம் பிடித்து, "தொழில் சூப்பர் மச்சி" என்று எழுதி, கீழே கண்ணீர் வரச் சிரிக்கிற மூன்று முகம் போட்டு எங்கள் வாட்ஸாப் குரூப்பில் அனுப்பினதும் நான்தான்.

எங்களுக்கு இரண்டு குரூப் இருந்தது. ஒன்று நாங்கள் மூன்று பேர். இன்னொன்று, பள்ளியிலிருந்து படமும் தகவலும் வாங்குவதற்காகக் கமலா டீச்சரையும் சேர்த்து ஆரம்பித்தது. நான் எந்த குரூப்பில் அனுப்பினேன் என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். அழிக்கப் போவதற்குள் இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. "டீச்சர் டைப்பிங்" என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. கீர்த்தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படிவத்தைப் போட்ட அம்மா அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவர் என்பதும், வேலை முடிந்து யூனிபார்மோடு நேராகப் பள்ளிக்கு வந்து ஒரு மணி நேரம் இந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டினார் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது வந்தது இவ்வளவுதான்.

"சிரிச்சு முடிச்சுட்டு அந்த மூணு கட்டத்த எடுத்துடுங்கப்பா. அந்தம்மாவுக்கு நான்தான் டைப் பண்ணிக் குடுத்தேன். அவங்க என்ன சொன்னாங்களோ அதத்தான் போட்டேன்."

பட்டுப் புடவை

ஏப்ரலில் காலேஜில் இறுதி மதிப்பீடு. பயனாளி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பேசினால் கூடுதல் மதிப்பெண் என்றார்கள். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று நானும் பைசலும் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தோம். கடைசியில் கீர்த்தனாதான் போன் செய்தாள். சுகுணா மேடம் பச்சைப் பட்டுப் புடவையில் பஸ் பிடித்து வந்தார். கூடவே கமலா டீச்சரும் வந்திருந்தார். ஏசி ஹாலில் இருவரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடையில் பேசினேன். எனக்குத்தான் பேச்சு வருமே. "பள்ளிக்கும் பெற்றோருக்கும் ஒரு பாலம்" என்று முடித்தபோது கைதட்டல்கூடக் கிடைத்தது. கமலா டீச்சரும் தட்டினார்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மைக்கை சுகுணா மேடத்திடம் கொடுக்கச் சொன்னார். இந்த மாணவர்களின் வேலை பள்ளிக்கு உதவியாக இருந்ததா என்று கேட்டார். மேடம் எழுந்து நின்று, "ரொம்ப உதவியா இருந்துச்சு சார். மூணு பேரும் நல்ல பிள்ளைங்க, அடிக்கடி வந்து பார்த்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். மேடம், நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க, ஒரு பிள்ளகூட எங்களால சேரலையே என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வருகிற பஸ்ஸின் நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியாளுங்க எதிர்ல பிள்ளைங்கள விட்டுக்குடுக்க மாட்டோம். அவ்ளோதான், ரொம்ப யோசிக்காத. அது இருபத்தொம்பது சியா பாரு."

சுவர்

அந்த ஜூனில் சேர்க்கை மறுபடி குறைந்தது. கமலா டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அவர் தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் தாண்டிப் போய் வருகிறார். எனக்கு இது அப்போது தெரியாது. நாங்கள் மூன்று பேரும் வேலை கிடைத்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். யாரும் பள்ளிக்குப் போன் செய்யவில்லை. வெப்சைட் முகவரியை ஒரு வருடத்துக்கு மட்டும் பதிவு செய்திருந்தோம். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் பைசலின் காலேஜ் முகவரிக்குப் போயிருக்கின்றன. படிப்பு முடிந்ததுமே காலேஜ் அதை மூடிவிட்டது.

மறு வருடம் மே மாத ஆரம்பத்தில் கமலா டீச்சரிடமிருந்து போன். குரலைக் கேட்டதுமே எனக்கு அந்த குரூப்தான் ஞாபகம் வந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. "வித்யா, நம்ம ஸ்கூல் அட்ரஸ் போட்டா சீட்டாட்டம் வருதும்மா" என்றார். பள்ளியை விட்டுப் போய்க் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகியும் அவர் அதை "நம்ம ஸ்கூல்" என்றுதான் சொன்னார். திறந்து பார்த்தேன். எங்கள் முகவரியை யாரோ வாங்கி, ரம்மி விளையாட்டு விளம்பரம் போட்டிருந்தார்கள். அந்த முகவரியைத்தான் சுகுணா மேடம் பெயின்டரை வைத்து, பள்ளியின் வெளிச்சுவரில் தெருவே பார்க்கிற மாதிரி பெரிய நீல எழுத்தில் எழுதி வைத்திருந்தார். யாரோ ஒரு பையனின் அம்மா அதைப் பார்த்துப் போனில் போட்டுவிட்டு, நேராக வந்து சண்டை போட்டிருக்கிறார்.

பைசலைக் கூப்பிட்டுக்கொண்டு அடுத்த நாளே போனேன். ஒரு டப்பா பெயின்ட்டும் பிரஷ்ஷும் வாங்கிப் போனோம். அதற்கு அவசியம் இருக்கவில்லை. சுவர் ஏற்கெனவே வெள்ளையாக இருந்தது. சுகுணா மேடம் வாசலுக்கு வந்து, எங்கள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"நேத்தே அடிச்சுட்டோம்பா. ஆனா கிட்ட வந்து பார்த்தா எழுத்து லேசா தெரியுது. அத வச்சுட்டுப் போங்க, இன்னொரு தடவ அடிச்சுக்கிறோம்."

வீடு வீடாக

புது வெப்சைட் ஒன்று ஒழுங்காகச் செய்து தருகிறேன் என்றேன். அவர் வேறு பேச்சை எடுத்தார். மே மாதம் முழுக்க டீச்சர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்களாம். முந்தின வருடம்வரை மூன்று பேராகப் போனார்கள், இப்போது இரண்டே பேர். கமலா டீச்சருக்கு இந்தத் தெருக்களெல்லாம் அத்துப்படியாம். "நோட்டீஸ் தூக்க ஆளில்ல, ஞாயித்துக்கிழம வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். பைசலுக்கு ஞாயிறும் ஷிஃப்ட். நான் போனேன். காலை வெயிலிலேயே மண்டை காய்ந்தது. அவர் குடை பிடித்துக்கொண்டு முன்னால் போக, நான் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு வாசலிலும் அவருக்கு யாராவது பழைய மாணவர் இருந்தார்கள். சில பேர் உட்காரச் சொன்னார்கள், சில பேர் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாயிற்று என்று பாதிக் கதவைத் திறந்தே பதில் சொன்னார்கள்.

ஆற்றோரமாக ஒரு சந்தில், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நோட்டீஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒன்றாம் வகுப்புக்குப் போகிற வயதில் ஒரு பையன் அவர் காலடியில் துணித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "எல்லா ஸ்கூலுக்கும் வெப்சைட்டு இருக்கே டீச்சர், உங்களுக்கு இல்லயா?" என்று கேட்டார். நான் நோட்டீஸ் கட்டை எண்ணுவது மாதிரி குனிந்துகொண்டேன். சுகுணா மேடம் குடையை மடக்கினார்.

"இருந்துச்சும்மா. அத செஞ்ச பொண்ணு இதோ நிக்குது. ஸ்கூலப் பத்தி என்ன தெரியணுமோ அவளயே கேளு."

அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், கக்கூஸில் தண்ணி வருமா என்று. அந்தப் பள்ளிக்கு நாலு மாதம் நடையாக நடந்து ஆறு பக்க வெப்சைட் செய்து சான்றிதழ் வாங்கிய எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.